சிறிய தீவும் பெரிய உரிமையும்

ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ள வேண்டுமாயின், அங்கே எத்தனை பேர் வாழ்தல் வேண்டும்? ஆயிரவரா, பதினாயிரவரா, நூறாயிரவரா? அரசியல் நூலோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. செலவுக் கணக்கு பார்ப்போர் பெரிய எண்ணைச் சொல்வர். மக்கள் உரிமையை முன்வைப்போர் சிறிய எண்ணைச் சொல்வர். ஏட்டளவில் நிகழும் இவ்வாதத்துக்கு நடைமுறைச் சான்றாக, வடகடலில் ஒரு தீவு உள்ளது. நார்வே நாட்டின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ இருநூறு பேர் மட்டுமே வாழும் அத்தீவு, தனக்கென ஒரு மன்றமும், தலைவரும், வரவு செலவுத் திட்டமும் கொண்ட முழுமையான உள்ளாட்சியாக இயங்கி வருகிறது. அதன் பெயர் உட்சிரா. நார்வேயின் உள்ளாட்சிகளுள் மக்கள்தொகையால் மிகச் சிறியது அதுவே.

இத்தீவின் நிலத்தையும் வரலாற்றையும் ஆட்சி முறையையும் ஒருசேர நோக்கின், அளவில் சிறியது ஆளும் தகுதியிலும் சிறியதாகத்தான் இருக்கும் என்னும் பொதுக் கருத்து எத்துணைப் பிழையானது என்பது விளங்கும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நார்வேயில் உள்ளாட்சி அமைப்பு 'கொம்மூனே' எனப்படும். நகரம், சிற்றூர் என்ற வேறுபாடு பாராமல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர் வழங்குகிறது. நகராட்சி என்றோ ஊராட்சி என்றோ பிரித்துச் சொல்ல இயலாமையின், நாம் உள்ளாட்சி என்னும் பொதுச்சொல்லையே கையாள்வோம்.

பெயரும் நிலமும்

தமிழ் பயில்வோர்க்கு இத்தீவின் பெயரே ஒரு சுவையான முரணைத் தருகிறது. உள் என்னும் சொல் வல்லினத்தின் முன் 'உட்' எனத் திரிதல் நாம் அறிந்ததே. ஆதலின் உட்சிரா என்றதும் உள்ளே இருக்கும் ஏதோ ஓர் இடம் என்றே நம் செவி கொள்ளும். நார்வே மொழியிலோ 'உட்' என்பதற்கு வெளியே என்பது பொருள். சிரா என்பது தீவின் பழம்பெயர். கரையை விட்டு வெளியே, திறந்த கடலில் கிடக்கும் சிரா என்பதே பெயரின் கருத்து.

பெயருக்கு ஏற்பவே நிலமும் அமைந்துள்ளது. ரோகாலாந்து மாவட்டத்தைச் சேர்ந்த இத்தீவு, நார்வேயின் பெருநிலத்தை ஒட்டிய கார்மோய் தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர். கிழக்கிலும் மேற்கிலும் பாறை மேடுகள். நடுவே தாழ்ந்த நிலம். அத்தாழ்நிலத்தின் வடமுனையில் ஒரு துறை, தென்முனையில் ஒரு துறை. வீடுகளும் வயல்களும் பெரும்பாலும் இந்த நடுநிலத்தை ஒட்டியே உள்ளன. அருகிலுள்ள நகரம் ஹௌகெசுண்ட். அங்கிருந்து கப்பலில் வர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கடல் சீறும் நாளில் அந்தத் தொடர்பும் அறுபடும்.

நெய்தல் நிலத்து மக்களுக்கு உரிய தொழிலே இவர்களுக்கும் உரியதாயிற்று. மீன்பிடித்தலோடு சிறுபயிர்த் தொழிலும் ஆடு மாடு வளர்ப்பும் சேர்ந்து இவர்களை வாழ்வித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீன் கூட்டங்கூட்டமாகக் கரையை நாடி வந்த பருவங்களில் இத்தீவைச் சூழ்ந்த கடல் படகுகளால் நிறைந்தது. 1785-ஆம் ஆண்டில் எழுந்த மரத்தாலான தேவாலயமும், 1844-ஆம் ஆண்டில் இரட்டைக் கோபுரங்களுடன் எழுந்த கலங்கரை விளக்கமும் இன்றளவும் நிற்கின்றன. அவ்விளக்கின் ஒளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 78 மீட்டர் உயரத்தில் உள்ளது. நார்வேயின் கலங்கரை விளக்கங்களுள் கடல் மட்டத்துக்கு மிக உயரத்தில் ஒளி வீசுவது இதுவே என்பர். வலசை போகும் பறவைகளுக்கு இது தங்குமிடம். முந்நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் இங்கே காணப்பட்டுள்ளன.

தீவு சிறிது, ஆனால் அதன் பெயர் நெடுந்தொலைவு சென்றுள்ளது. 1984-ஆம் ஆண்டு முதல் பிரித்தானிய வானொலியின் கடல் வானிலை அறிவிப்பில் வட உட்சிரா, தென் உட்சிரா என இரு கடற்பகுதிகள் நாள்தோறும் குறிக்கப்படுகின்றன. வடகடலின் அடியில் உள்ள ஒரு மணற்பாறை அடுக்குக்கும் உட்சிராவின் பெயரே இடப்பட்டுள்ளது. ஸ்லைப்னர் எரிவளி வயலில் பிரித்தெடுக்கப்படும் கரியமில வாயு 1996-ஆம் ஆண்டு முதல் அந்த அடுக்கினுள் செலுத்திச் சேமிக்கப்பட்டு வருவதை அறிவியலார் நன்கறிவர். 2010-இல் கண்டறியப்பட்டு 2019-இல் எண்ணெய் தரத் தொடங்கிய யோஹான் ஸ்வெர்ட்ரூப் என்னும் பெருவயல் அமைந்துள்ள கடலடி மேட்டுக்கும் இதே பெயர்தான். எனினும் அந்த எண்ணெய் வருவாய் நாட்டின் அரசுக்கு உரியது. பெயர் தந்த காரணத்தால் தீவுக்கு அதில் தனிப்பங்கு கிடையாது. எண்ணெய்ச் செல்வத்தால்தான் இத்தீவு தனித்து நிற்கிறது என எவரேனும் கருதுவாராயின் அது பொருந்தாது. இது தனி உள்ளாட்சியான காலத்தில் வடகடலின் எண்ணெயை எவரும் அறிந்திருக்கவில்லை.

உரிமை வந்த வழி

நார்வேயில் உள்ளாட்சி உரிமை ஒரே நாளில் வானிலிருந்து இறங்கியதன்று. 1814-ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிறந்த பின்னும் ஊர்களின் நிருவாகம் அரசு அலுவலர் கையிலேயே பெரிதும் இருந்தது. 1833-ஆம் ஆண்டுத் தேர்தலில் உழவர்கள் மிகுந்த எண்ணிக்கையில் நாடாளுமன்றம் புகுந்தனர். அதன் விளைவாக 1837-ஆம் ஆண்டில் உள்ளாட்சிச் சட்டங்கள் நிறைவேறின. நாடெங்கும் தேவாலயப் பங்குகளை அடிப்படையாகக் கொண்டு உள்ளாட்சிகள் எழுந்தன. வரி எவ்வளவு, பள்ளிக்கு என்ன, ஏழைகளுக்கு என்ன என்பனவற்றை ஊரார் தேர்ந்தெடுத்தவரே முடிவு செய்யும் நிலை உருவாயிற்று. தொடக்கத்தில் வாக்குரிமை சொத்துடைய ஆடவர்க்கே உரியதாய் இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

உட்சிரா அப்போது தோர்வஸ்தாட் என்னும் உள்ளாட்சியின் ஒரு பகுதியாக அமைந்தது. அவ்வுள்ளாட்சியின் பிற பகுதிகள் கார்மோயிலும் அதனைச் சூழ்ந்தும் இருந்தன. உட்சிராவோ இடையில் கடலை வைத்துக்கொண்டு தனியே கிடந்தது. மன்றக் கூட்டத்துக்குச் செல்ல வேண்டுமெனில் தீவின் உறுப்பினர் திறந்த கடலைக் கடக்க வேண்டும். பள்ளியும் துறைமுகமும் பற்றிய முடிவுகள் அலையோசை கேளாத இடத்தில் எடுக்கப்பட்டன. 1924-ஆம் ஆண்டில் உட்சிரா பிரிந்து தனி உள்ளாட்சியாயிற்று. அக்காலத்தில் தீவின் மக்கள்தொகை இன்றுள்ளதைப் போல் இருமடங்குக்கு மேல் இருந்ததாயினும், அதுவும் சிறிய தொகையே.

பன்னிருவருள் பதினொருவர்

பிரிந்த மறு ஆண்டே, இத்தீவின் பெயரை நார்வே வரலாற்றில் நிலைநிறுத்திய நிகழ்ச்சி நடந்தது. அதனைச் சொல்லுமுன் பெண்கள் வாக்குரிமையின் படிநிலைகளைக் குறிப்பிட வேண்டும். 1901-இல் வருவாய்த் தகுதியுடைய பெண்களும், அத்தகைய கணவரை உடையோரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். 1910-இல் உள்ளாட்சியிலும் 1913-இல் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெண்களுக்குக் கிட்டியது. உரிமை கிட்டிய போதிலும் மன்றங்களில் பெண்கள் மிக அரியராகவே இருந்தனர்.

1925-ஆம் ஆண்டில் உட்சிராவில் தேர்தல் நடந்தபோது கட்சிப் பட்டியல்கள் இல்லை. வாக்காளர் தாம் விரும்பும் எவர் பெயரையும் எழுதலாம். ஆடவர் சிலர் வேடிக்கையாகப் பெண்களின் பெயர்களை எழுதத் தொடங்கினர் என்பது தீவில் வழங்கும் செய்தி. வாக்குகளை எண்ணி முடித்தபோது, பன்னிரு இடங்களுள் பதினோரிடங்களில் பெண்கள் வென்றிருந்தனர். ஆடவர்க்குக் கிடைத்தது ஓரிடம் மட்டுமே. நாட்டின் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. அந்த மன்றம் ஓசா ஹெல்கெசன் என்னும் மருத்துவச்சியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1926 முதல் 1928 முடிய அவர் அப்பொறுப்பில் இருந்தார். நார்வேயின் முதல் பெண் உள்ளாட்சித் தலைவர் அவரே.

இந்நிகழ்ச்சியை நகைச்சுவைத் துணுக்காகவே பலர் எடுத்துரைக்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. வாக்குச் சீட்டில் பெயர் எழுதியவர் எண்ணம் எதுவாயினும், எழுதப்பட்ட பெயர்களுக்கு உரியோர் பொறுப்பைத் தட்டிக் கழிக்காது ஏற்றனர் என்பதே நோக்கற்பாலது. மூன்றாண்டுக் காலம் தீவின் ஆட்சி அவர்கள் கையில் நடந்தது. ஊரில் பிறக்கும் குழந்தையைக் கையில் ஏந்தும் மருத்துவச்சி, எந்த வீட்டில் என்ன குறை என்பதை அறியாதவராக இருத்தல் இயலாது. அவர் மன்றத்துக்குத் தலைமை ஏற்றது தகுதியின்மையின் விளைவு அன்று. அதுவரை எவரும் கண்டுகொள்ளாத தகுதி வெளிப்பட்ட நிகழ்ச்சி எனலே பொருந்தும்.

மற்றொன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1924-இல் தீவு பிரியாது தோர்வஸ்தாட்டுடனேயே இருந்திருப்பின், தீவினர் வாக்குகள் பெரிய எண்ணிக்கையில் கரைந்து போயிருக்கும், இவ்வரலாறும் நிகழ்ந்திராது. சிறிய மன்றம் அமைந்ததால் அல்லவோ புதிய கைகள் ஆட்சியைத் தொட முடிந்தது?

ஆயினும் மிகைபடக் கூறுதல் நம் நோக்கமன்று. அம்மன்றத்தின் காலம் முடிந்த பின் அந்நிலை தொடரவில்லை. ஓசா ஹெல்கெசனும் 1928-க்குப் பின் தலைவராகத் தொடரவில்லை. பெண்கள் மன்றங்களில் பெருகுவதற்கு நாடு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 1971-ஆம் ஆண்டில் தலைநகர் ஓஸ்லோ, டிரான்ஹைம், ஆஸ்கர் ஆகிய மூன்று மன்றங்களில், வாக்காளர் பட்டியலிலுள்ள ஆடவர் பெயர்களை அடித்துவிட்டுப் பெண்களுக்குப் பெரும்பான்மை தேடித் தந்தனர். அவை பெரிய உள்ளாட்சிகள். 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடு முழுவதும் மன்ற உறுப்பினருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பெண்கள். எனவே, சிறுமை வாய்ப்பைத் தரும். அவ்வாய்ப்பை நிலைக்கச் செய்ய வேறு முயற்சிகளும் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் முடிவு.

ஆட்சி நடைபெறும் முறை

நான்காண்டுக்கு ஒருமுறை செப்டம்பர் மாதத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெறுகிறது. தேர்தல் நடக்கும் ஆண்டில் பதினெட்டு அகவை நிறைவோர் வாக்களிக்கலாம். மூன்றாண்டுகள் தொடர்ந்து நாட்டில் வாழ்ந்த அயல்நாட்டவர்க்கும் உள்ளாட்சியில் வாக்குரிமை உண்டு. மீன் பதனிடும் பணிக்காக நார்வேயின் வடகோடி மீனவ ஊர்களில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள் பலரும், குடியுரிமை பெறுமுன்னரே இந்த உரிமைக்கு உரியவராயினர் என்பது தமிழர் நினைவில் கொள்ளத்தக்கது.

மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம், தன் உறுப்பினருள்ளிருந்து ஒரு சிறு செயற்குழுவையும் தலைவரையும் தெரிந்தெடுக்கும். செயற்குழுவின் பெயருக்கு முன்னவர் குழு என்பது பொருள். தலைவரைக் குறிக்கும் சொல்லுக்குச் சொல்லை நடத்துபவர் என்பது பொருள். ஆணையிடுபவர் என்னாது, அவையின் உரையாடலை நெறிப்படுத்துபவர் எனத் தலைவரைக் குறித்த அம்மொழியின் நயம் போற்றத்தக்கது. அன்றாட நிருவாகத்தைச் சம்பளம் பெறும் ஓர் ஆட்சி இயக்குநர் நடத்துவார். மன்றக் கூட்டங்கள் பொதுவாக எவரும் வந்து கேட்கத் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

இனி, கடமைகளைப் பார்ப்போம். மழலையர் பள்ளி, பத்தாண்டுப் பொதுக்கல்வி, முதல்நிலை மருத்துவம், முதியோர் பேணல், குடிநீர், கழிவு அகற்றல், நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. மேனிலைக் கல்வி மாவட்ட ஆட்சியைச் சார்ந்தது; ஆதலின் தீவின் இளைஞர் பதினாறு அகவை அளவில் கடல் கடந்து செல்ல நேர்கிறது. சிறிய உள்ளாட்சிக்குச் சிறிய கடமை, பெரியதற்குப் பெரிய கடமை என்ற பாகுபாடு அங்கே இல்லை. இருநூறு பேர் வாழும் உட்சிராவுக்கும் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஓஸ்லோவுக்கும் உள்ளாட்சி என்ற முறையில் அடிப்படைக் கடமைகள் ஒன்றே. இக்கடமைகளை நிறைவேற்ற, மக்களின் வருமான வரியில் ஒரு பங்கும், ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் வகையில் அரசு வழங்கும் மானியமும் உள்ளாட்சிக்குக் கிடைக்கின்றன.

மிகச் சிறிய உள்ளாட்சியிலும் மன்றத்தில் பதினொருவர்க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் ஆணை. உட்சிராவில் பதினெட்டுப் பேர் அளவுக்கு ஓர் உறுப்பினர் என்று ஆகிறது. 59 உறுப்பினர் கொண்ட ஓஸ்லோ மன்றத்திலோ ஏறத்தாழ பன்னீராயிரம் பேருக்கு ஒருவர். உட்சிராவில் தன் உறுப்பினரைத் தேடிச் செல்ல வேண்டியவர் எவருமிலர். துறையிலோ கடையிலோ அவரைக் காணலாம். தாம் உயர்த்திய வரியைத் தாமும் செலுத்தி, தாம் மூடிய பள்ளியில் தம் பேரப்பிள்ளை படிக்க இயலாமற் போவதைத் தாமே காணும் நிலையில் இருப்பவரே அங்கே வாக்களிக்கின்றனர்.

இணைப்பு வேண்டுமா?

இத்தகைய சிறு உள்ளாட்சிகளை இணைத்துப் பெரியனவாக்க வேண்டும் என்னும் குரல் நார்வேயில் இருமுறை ஓங்கி ஒலித்தது. 1946-இல் அமைக்கப்பட்ட ஷைக் குழுவின் பரிந்துரைப்படி, அறுபதுகளில் நிகழ்ந்த இணைப்புகளால் 744-ஆக இருந்த உள்ளாட்சிகள் 454-ஆகக் குறைந்தன. அப்போது 1965-இல் ஏழு உள்ளாட்சிகள் சேர்ந்து கார்மோய் உருவாயிற்று. உட்சிராவின் தாய் உள்ளாட்சியாகிய தோர்வஸ்தாட் அதில் மறைந்தது. தாய் மறைய, மகள் நிலைத்தாள். 2014-இல் தொடங்கிய இரண்டாம் முயற்சியில் 428 என்ற தொகை 2020-இல் 356 ஆயிற்று. உட்சிரா அப்போதும் தனித்தே நின்றது.

இணைப்பு வேண்டும் என்போர் கூறும் காரணங்கள் புறந்தள்ளத்தக்கன அல்ல. இருநூறு பேருக்கென ஒரு பொறியாளரையும், குழந்தை நல அலுவலரையும், சட்டம் அறிந்தவரையும் அமர்த்துதல் கடினம். தலைக்கு ஆகும் செலவு பெரிய ஊர்களைவிட மிகுதி. அதனை நாட்டின் பிற மக்களும் சுமக்கின்றனர். எல்லாரும் உறவினராகவும் அயலாராகவும் வாழும் இடத்தில் நடுநிலை காத்தல் எளிதன்று. தன் உறவினர் தொடர்பான பொருளில் உறுப்பினர் விலகியிருக்க வேண்டும் என்னும் விதியைச் சிறு மன்றம் அடிக்கடி எதிர்கொள்ள நேரும்.

இவற்றுக்கு நாம் கூறும் விடை இது: தனித்திறன் வேண்டும் பணிகளை அண்டை உள்ளாட்சியிடமிருந்து ஒப்பந்தத்தின்வழிப் பெற நார்வேச் சட்டம் இடம் தருகிறது. பணியைப் பகிர்ந்துகொள்ளலாம், அதற்காக முடிவெடுக்கும் உரிமையை விட்டுத்தர வேண்டியதில்லை. நடுநிலை பற்றிய அச்சத்துக்குத் திறந்த கூட்டமும் விலகல் விதியும் மருந்தாகும். பெரிய ஊர்களிலும் உறவும் நட்பும் உண்டு, அங்கே அவை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு. செலவு மிகுதி என்பது உண்மையே. ஆனால் கடலுக்கு நடுவே பள்ளியும் மருத்துவமும் நடத்தும் செலவில் பெரும்பகுதியை மன்றத்தை இணைப்பதால் குறைக்க இயலாது. இணைத்தாலும் கடல் குறுகாது. குறைவது தீவினரின் குரல் மட்டுமே. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஹௌகெசுண்டுடன் சேர்ந்தால், இருநூறு பேருக்கு மன்றத்தில் ஓர் இருக்கையேனும் உறுதியாகுமா என்பது ஐயமே.

இணைத்ததைப் பிரித்த சான்றும் உண்டு. 2020-இல் ஓலெசுண்ட் நகரத்தோடு இணைக்கப்பட்ட ஹாரம், 2024-இல் பிரிந்து மீண்டும் தனி உள்ளாட்சியாயிற்று. வரைபடத்தில் கோட்டை அழிப்பது எளிது. ஊர் என்னும் உணர்வை அழிப்பது அத்துணை எளிதன்று.

சிறிய உள்ளாட்சி பழமையில் உறைந்துவிடும் என்னும் கருத்தும் உட்சிராவின்முன் நிற்கவில்லை. 2004-இல் அங்கே இரு காற்றாலைகளும் ஹைட்ரஜன் ஆக்கும் கருவியும் நிறுவப்பட்டன. காற்று மிகும்போது மின்னாற்றலால் நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்துச் சேமிக்கப்பட்டது. காற்று ஓய்ந்தபோது அந்த ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் பெறப்பட்டது. பத்து வீடுகளுக்கு மின்சாரம் தந்த இச்சோதனை 2008 வரை நடந்தது. உலகம் முழுவதிலுமிருந்து அறிவியலார் பார்வை இத்தீவின்மேல் விழுந்தது. 2020-இல் நார்வே அரசு மிதக்கும் காற்றாலைகளுக்கெனத் திறந்துவிட்ட கடற்பரப்புக்கும் வட உட்சிரா என்றே பொருள்படும் பெயர் இடப்பட்டுள்ளது. தன் கரைக்கு எதிரே இத்துணைப் பெரிய தொழில் எழ இருக்கையில், அத்தீவினர்க்குத் தம் பெயரில் பேசும் ஒரு மன்றம் முன்னினும் இன்றியமையாதது.

முடிவாக

உட்சிராவிடம் நாம் கற்பது இதுவே: உள்ளாட்சி என்பது அரசின் பணிகளைச் சிக்கனமாகப் பிரித்து வழங்கும் கிளை அலுவலகம் அன்று. மக்கள் பொறுப்பேற்றுப் பழகும் பயிற்சிக் களம் அது. அக்களத்தின் பயன், அங்கே புழங்குவோர் எத்தனை பேர் என்பதனால் அளக்கப்படுவதில்லை. ஊரில் உள்ளோருள் எத்தனை பேருக்கு அங்கே இடம் கிடைக்கிறது என்பதனாலேயே அளக்கப்படும். இருநூறு பேருள் பதினொருவர் மன்றத்தில் அமர்கின்ற ஊரில், தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் அவ்விருக்கைக்கு அழைக்கப்படுவோம் என எவரும் எதிர்பார்க்கலாம். அவ்வெதிர்பார்ப்பே மனிதரைக் குடிமக்களாக்குகிறது.

பெயர் எழுதியோர் வேடிக்கை என எண்ணினர். எழுதப்பட்டோர் கடமை என ஏற்றனர். அந்தப் பதினொரு பெண்கள் அமர்வதற்கு ஒரு மன்றம் அத்தீவிலேயே இருந்தது என்பதை, சிற்றூர்களின் மன்றங்களைக் கணக்கேட்டின் ஒரு வரியாக மட்டுமே காண்போர் எண்ணிப் பார்த்தல் நலம்.